சிறுநகரத் தனித்திரையரங்கின் பார்வையாளர் வருகையை முன்மதிப்பிடல்: மன்னார்குடியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சங்கிலி நிறுவனங்களைச் சாராத ஒற்றைத் திரையரங்கைத் தொடங்குவோரும் புதுப்பிப்போரும் எதிர்கொள்ளும் முதல் வினா, ஓராண்டில் எத்தனை பேர் வருவர் என்பதாகும். இவ்வினாவிற்குப் பெரும்பாலும் ஊரின் மக்கள்தொகையையோ, பண்டிகை நாளில் நிரம்பி வழியும் கூட்டத்தையோ சான்றாகக் காட்டி விடை கூறப்படுகின்றது. இவ்விரண்டும் தனித்து நின்றால் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. வருகைப் பரப்பு, வருகை அடர்த்தி, போட்டியில் கிடைக்கும் பங்கு, இருக்கைத் திறன், வாரங்களின் ஏற்றத்தாழ்வு, இலாப நட்டமில்லாப் புள்ளி ஆகிய ஆறு படிநிலைகள் மன்னார்குடி நகரின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு எண்வழியே விளக்கப்படுகின்றன. சிறு அரங்கின் நிலைபேற்றைத் தீர்மானிப்பது நிரம்பிய காட்சிகள் அல்ல, வெறுமையான வாரங்களே என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தனித்திரையரங்கு, பார்வையாளர் வருகை, வருகைப் பரப்பு, ஈர்ப்பு மாதிரி, இருக்கை நிரம்பல், மன்னார்குடி.

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் குறித்த ஆய்வுகள் படத்தின் கதை, பாடல், அரசியல், நடிகர் வழிபாடு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. படம் காட்டப்படும் இடமாகிய திரையரங்கும், அங்கு வந்தமர்ந்த மக்களின் எண்ணிக்கையும் ஒப்பீட்டளவில் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. தென்னிந்திய மௌனப்படக் காலப் பார்வையாளர் உருவாக்கம் குறித்து ஸ்டீபன் ஹியூஸ் மேற்கொண்ட ஆய்வுகள் இவ்வகையில் முன்னோடியானவை. ஆயினும், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட அரங்கிற்கு எத்தனை பேர் வரக்கூடும் என்பதைக் கணிக்கும் முறையியல் தமிழில் போதிய கவனம் பெறவில்லை.

இது வணிகர்க்கு மட்டும் உரிய வினா அன்று. தமிழகச் சிறுநகரங்களில் திரையரங்குகள் திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவருவதைக் காண்கிறோம். எந்த அரங்கு நிலைக்கும், எது மூடப்படும் என்பதை அறியவேண்டுமானால் அதன் வருகைக் கணக்கை அறிதல் வேண்டும். ஒரு குடும்பம் தலைமுறைச் சொத்தை இத்தொழிலில் இடும்போது தவறான மதிப்பீட்டின் விளைவு அக்குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரப் பாதிக்கின்றது.

மன்னார்குடி இங்கு எடுத்துக்காட்டாகவே கொள்ளப்பட்டுள்ளது. மக்கள்தொகையும் தொலைவும் உண்மையானவை. அரங்கின் அளவு, போட்டி அரங்குகளின் எண்ணிக்கை, செலவு முதலியன விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட கற்பிதங்கள். அவை அந்நகரில் இயங்கும் எந்த அரங்கையும் குறிப்பன அல்ல.

எண்ணிக்கைச் சான்றுகளின் நிலை

பிரான்சு நாட்டில் திரையரங்குகள் விற்கும் நுழைவுச்சீட்டுகளின் கணக்கைத் தேசியத் திரைப்பட மையத்திற்கு அளித்தல் கட்டாயமாகும். ஆகவே அங்கு வருகை என்பது எண்ணிப் பெறப்படும் தரவாக உள்ளது. 2019இல் அந்நாட்டின் மொத்த வருகை 21 கோடியைத் தாண்டியது. இந்தியாவில் வருகை பெரிதும் மதிப்பிட்டுப் பெறப்படும் தரவாகவே இருந்துவருகின்றது.

இதற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் செயற்பட்ட இந்தியத் திரைப்படக் குழு, வினாநிரல்கள் வழியாகவும் நேர்ச்சான்றுகள் வழியாகவும் திரையரங்குகள், பார்வையாளர்கள் குறித்த செய்திகளைத் திரட்டியது. அதன்பின் 1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் நுழைவுச்சீட்டை வரியின் அடிப்படையாக்கியது. இதனால் சீட்டின் எண்ணிக்கை அரசு ஆவணத்தில் இடம்பெற வழி ஏற்பட்டது. பிற்காலத்தில் சிற்றூர் அரங்குகளுக்கு, விற்ற சீட்டுகளுக்கு மாறாக அரங்கு முழுவதும் நிரம்பினால் கிடைக்கும் தொகையை அடிப்படையாகக் கொண்ட இணக்கவரி முறை வந்தது. இம்முறை நிருவாகத்திற்கு எளிது. ஆனால் அரங்கு நிரம்பினாலும் வெறுமையாக இருந்தாலும் வரி ஒன்றே என்பதால், ஆய்வாளர்க்குப் பயன்படக்கூடிய உண்மை வருகைப் பதிவு இங்கு மறைந்துபோகின்றது. 2006இல் தமிழில் பெயரிடப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டபின் வரி ஆவணம் வழியாக வருகையை அறியும் வாய்ப்பு மேலும் குறுகியது.

சான்று நேரடியாகக் கிட்டாத இடத்தில் மறைமுகமாக அதனை மீட்கலாம் என்பதற்கு ஜான் செட்ஜ்விக் 1930களின் பிரித்தானியத் திரைப்படப் பார்வை குறித்துச் செய்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டாகும். செய்தித்தாள் விளம்பரங்களிலிருந்து எந்த அரங்கில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதைத் தொகுத்து, அரங்கின் இருக்கை எண்ணிக்கை, சீட்டு விலை ஆகியவற்றால் எடையிட்டுப் படங்களின் மக்கள் விருப்பத்தை அவர் அளந்தார். தமிழ் நாளிதழ்களின் திரைப்பட விளம்பரங்களைக் கொண்டு இத்தகைய ஆய்வை இங்கும் நிகழ்த்த இயலும். ஆனால் இம்முறை படங்களுக்கு இடையிலான ஒப்பீட்டைத் தருமே அன்றி, புதிய அரங்கு ஒன்றின் எதிர்கால வருகையைத் தராது. அதற்கு ஊரிலிருந்தும் மக்களிலிருந்தும் தொடங்குதல் வேண்டும்.

வருகைப் பரப்பை வரையறுத்தல்

ஓர் அரங்கிற்கு எவ்வளவு தொலைவிலிருந்து மக்கள் வருவர் என்பதே முதற்படி. வில்லியம் ரெய்லி 1931இல் முன்வைத்த சில்லறை வணிக ஈர்ப்பு விதி, இரு நகரங்களுக்கு இடையில் வாழ்வோரை ஒவ்வொரு நகரும் தன் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும் தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்திலும் ஈர்க்கும் என்கின்றது. பால் கான்வெர்ஸ் 1949இல் இதனை, இரு நகரங்களின் ஈர்ப்பும் சமமாகும் எல்லைப்புள்ளியைக் கணிக்கும் சூத்திரமாக அமைத்தார். அதன்படி, பெரிய நகரின் மக்கள்தொகையைச் சிறிய நகரின் மக்கள்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதனுடன் 1 கூட்டி, அத்தொகையால் இடைத்தொலைவை வகுத்தால், சிறிய நகரிலிருந்து எல்லை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது தெரியும்.

2011 கணக்கெடுப்பின்படி மன்னார்குடியின் மக்கள்தொகை 66,999; தஞ்சாவூரின் மக்கள்தொகை 2,22,943. இடைத்தொலைவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். சூத்திரத்தின்படி எல்லைப்புள்ளி மன்னார்குடியிலிருந்து ஏறத்தாழ 13.5 கிலோமீட்டரில் அமைகின்றது. தஞ்சாவூர்ச் சாலையில் அது வடுவூரை ஒட்டிய பகுதியாகும். மறுபுறம் திருவாரூரின் மக்கள்தொகை 58,301. இடைத்தொலைவு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இங்கு எல்லை 14.5 கிலோமீட்டர் அளவில் வருகின்றது. ஆகவே 13 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை முதற்கட்ட வருகைப் பரப்பாகக் கொள்ளலாம்.

இவ்வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 531 சதுர கிலோமீட்டர். ஊர்வாரியான கூட்டல் செய்யும் வரையில், தமிழகத்தின் 2011ஆம் ஆண்டுச் சராசரி மக்கள் அடர்த்தியாகிய 555ஐப் பயன்படுத்தினால் 2.95 இலட்சம் பேர் கிடைக்கின்றனர். நகரின் மக்களை நீக்கினால் சுற்றியுள்ள ஊர்களில் ஏறத்தாழ 2.28 இலட்சம் பேர். களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் இவ்விடத்தில் கிராமவாரிக் கணக்கெடுப்புத் தரவைப் பயன்படுத்துதல் வேண்டும். 2011க்குப் பிந்தைய கணக்கெடுப்பு முடிவுகள் வெளிவராத நிலையில் பிறப்பு, இறப்பு, வெளியூர்ப் பெயர்ச்சி ஆகியவற்றிற்கான திருத்தமும் தேவைப்படும். டெல்டா ஊர்களில் இளைஞர் பலர் சென்னை, திருப்பூர், வெளிநாடு எனப் பணிநிமித்தம் வாழ்வதால், பதிவில் உள்ள மக்கள்தொகையும் ஊரில் உறையும் மக்கள்தொகையும் ஒன்றல்ல. திரைப்படம் பார்க்கும் வயதினரே மிகுதியாக வெளியேறுகின்றனர் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

வருகை அடர்த்தி

பரப்பில் உள்ள மக்கள் ஓராண்டில் சராசரியாக எத்தனை முறை திரையரங்கிற்குச் செல்கின்றனர் என்பது வருகை அடர்த்தியாகும். ஆர்மேக்ஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்தியத் திரையரங்குகளின் மொத்த வருகை 2023இல் ஏறத்தாழ 94 கோடி. 2024இல் ஏறத்தாழ 88 கோடி. 2023ஆம் ஆண்டின் எண்ணை நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 0.66 முறை என்று அமைகின்றது. அதே முறையில் கணித்தால் பிரித்தானியாவில் 2019இல் தலைக்கு 2.6 முறை. இந்தியா திரைப்பட நாடு என்ற பொதுக்கருத்தை மட்டும் நம்பி மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

தேசியச் சராசரியை அப்படியே ஓர் ஊருக்குப் பொருத்தலாகாது. தென்மாநிலங்களில் திரைப்படப் பார்வை மிகுதி. நகரத்தார் கிராமத்தாரைவிட மிகுதியாகச் செல்வர். எனவே ஒரே எண்ணைக் கொள்ளாமல் கீழ், நடு, மேல் என மூன்று நிலைகளைக் கொள்வதே பொருத்தம். நகரத்தார்க்கு ஆண்டிற்கு 1.0, 1.5, 2.0 முறையும், கிராமத்தார்க்கு 0.3, 0.5, 0.7 முறையும் எனக் கொண்டால் பரப்பின் மொத்த வருகைத் தேவை பின்வருமாறு அமையும்.

கீழ்நிலை: 67,000 + 68,400 = 1,35,400
நடுநிலை: 1,00,500 + 1,14,000 = 2,14,500
மேல்நிலை: 1,34,000 + 1,59,600 = 2,93,600

நடுநிலையில் தலைக்கு ஏறத்தாழ 0.73 முறை வருகின்றது. தேசியச் சராசரியைவிடச் சற்றே மிகுதியான இவ்வெண், கற்பிதங்கள் நம்பத்தக்க எல்லைக்குள் உள்ளன என்பதற்குச் சான்றாகும்.

பங்கினைக் கணித்தல்

மேற்கண்ட வருகை முழுவதும் ஒரே அரங்கிற்கு உரியதன்று. டேவிட் ஹஃப் 1963இல் வெளியிட்ட நிகழ்தகவு மாதிரி இங்குப் பயன்படுகின்றது. ரெய்லியின் விதி ஓர் எல்லைக்கோட்டை வரைந்து, இப்புறத்தார் எல்லோரும் இங்கு, அப்புறத்தார் எல்லோரும் அங்கு எனப் பிரித்துவிடுகின்றது. ஹஃப் மாதிரியோ ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு இடத்திற்கும் மக்கள் செல்லும் நிகழ்தகவைத் தருகின்றது. ஓர் அரங்கின் ஈர்ப்பைத் தொலைவின் அடுக்கால் வகுத்து, அதனை எல்லா அரங்குகளின் அத்தகைய மதிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அவ்வரங்கின் பங்கு கிடைக்கும். தொலைவின் அடுக்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு மக்கள் பயணத்தைத் தவிர்க்கின்றனர் என்பது பொருள்.

250 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கொன்று, நகரில் அதற்கு நிகரான வேறு இரு அரங்குகள், தஞ்சாவூரில் எட்டு அரங்குகளுக்கு நிகரான ஈர்ப்பு எனக் கொள்ளலாம். நகரவாசி ஒருவர்க்கு உள்ளூர் அரங்குகள் 2 கிலோமீட்டரிலும் தஞ்சாவூர் 38 கிலோமீட்டரிலும் உள்ளன. தொலைவின் அடுக்கு 2 எனில் புதிய அரங்கின் பங்கு 33 விழுக்காடு. அடுக்கு 1 எனில் 29 விழுக்காடு. வடுவூரில் வாழ்பவர்க்கு மன்னார்குடி 13 கிலோமீட்டரிலும் தஞ்சாவூர் 25 கிலோமீட்டரிலும் உள்ளன. அவரைப் பொறுத்தவரை அப்பங்கு 19 விழுக்காடாகவோ 14 விழுக்காடாகவோ குறைகின்றது.

இங்கு ஒரு முதன்மையான உண்மை வெளிப்படுகின்றது. நகரத்தாரிடம் பயணத் தயக்கம் மிகினும் குறையினும் பங்கு பெரிதும் மாறுவதில்லை. எல்லையோர ஊர்களில்தான் அது பெரிதும் மாறுகின்றது. இருசக்கர வாகனமும் நல்ல சாலையும் வந்தபின் தொலைவின் அடுக்கு குறைந்துள்ளது எனக் கொண்டால், சிறுநகர அரங்கு இழந்தது நகரவாசிகளை அன்று. சுற்றுவட்டாரக் கிராமத்தாரையே ஆகும். பேருந்தை நம்பியவர் பக்கத்து ஊர் அரங்கோடு நின்றார். இரவுக்காட்சி முடிந்தபின் திரும்பிச்செல்லப் பேருந்து இல்லை என்பதே ஒருகாலத்தில் உள்ளூர் அரங்கிற்கு அரணாக இருந்தது.

நகரில் 30 விழுக்காடும், தஞ்சாவூரை நோக்கிய ஊர்களையும் பிற திசை ஊர்களையும் சேர்த்துக் கிராமங்களில் 20 விழுக்காடும் எனக் கொண்டால், புதிய அரங்கின் ஆண்டு வருகை கீழ்நிலையில் 33,780, நடுநிலையில் 52,950, மேல்நிலையில் 72,120 என்று அமையும்.

இருக்கைப் பக்கக் கணக்கு

தேவையின் பக்கத்திலிருந்து பெற்ற இவ்வெண்ணை இருக்கைப் பக்கத்திலிருந்து சரிபார்த்தல் வேண்டும். 250 இருக்கை, நாளொன்றுக்கு 4 காட்சி, 365 நாள் எனில் ஆண்டுத் திறன் 3,65,000 இருக்கைகள். நடுநிலை வருகை இதில் 14.5 விழுக்காடே. ஒரு காட்சிக்குச் சராசரியாக 36 பேர். மேல்நிலையிலும் நிரம்பல் 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

திட்ட அறிக்கைகளில் பொதுவாக எதிர்த்திசையில் கணக்கிடப்படுகின்றது. இருக்கைத் திறனை முதலில் எழுதி, அதில் 40 விழுக்காடு நிரம்பும் என ஒரு தொகையைக் கொண்டு, 1,46,000 பேர் வருவர் என முடிக்கின்றனர். மேற்கண்ட பரப்பில் அவ்வெண் நடுநிலைத் தேவை முழுவதிலும் மூன்றில் இரு பங்காகும். நகரில் உள்ள மற்ற இரு அரங்குகளும் மூடப்பட்டாலன்றி அது நிகழாது. இருக்கையை அதிகரித்தால் வருகை அதிகரிக்கும் என்ற மயக்கம் இம்முறையில் உள்ளடங்கியுள்ளது. இருக்கை வருகைக்கு மேல்வரம்பு. அது வருகைக்குக் காரணமன்று.

வாரங்களின் ஏற்றத்தாழ்வு

காட்சிக்கு 36 பேர் என்பது சராசரியே. அத்தகைய காட்சி நடைமுறையில் அரிது. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, கோடை விடுமுறை, ஆயுத பூசை, தீபாவளி ஆகிய காலங்களும் பெருநடிகர் படங்கள் வெளியாகும் வாரங்களுமே வருகையைத் தாங்கி நிற்கின்றன. 10 வாரங்கள் ஆண்டின் பாதி வருகையைத் தருகின்றன எனக் கொண்டால், அவ்வாரங்களில் வாரத்திற்கு ஏறத்தாழ 2,650 பேரும், எஞ்சிய 42 வாரங்களில் வாரத்திற்கு 630 பேரும் வருவர். பின்னதில் காட்சிக்கு 22 அல்லது 23 பேர்.

டெல்டாப் பகுதியில் இவ்வேற்றத்தாழ்வு வேளாண் நாட்காட்டியோடும் இணைந்துள்ளது. மேட்டூர் அணை மரபாகச் சூன் 12இல் திறக்கப்படும். குறுவையும் சம்பாவும் தவறாது நடைபெறும் ஆண்டில் சம்பா அறுவடைப் பணம் பொங்கலையொட்டிக் கைக்கு வருகின்றது. நடவுக் காலத்தில் மக்கள் வயலில் இருப்பர். மார்ச்சு, ஏப்ரலில் பள்ளித் தேர்வுகள் குடும்ப வருகையைத் தடுக்கின்றன. ஆகவே வேறு மாவட்டத்துத் தொழில்நகரின் வாரக்கணக்கை இங்கு எடுத்தாளல் பொருந்தாது.

பெருவாரங்களில் மற்றொரு சிக்கல் எழுகின்றது. வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான மாலை, இரவுக் காட்சிகள் 6 மட்டுமே. அவற்றின் இருக்கைகள் 1,500. அக்காட்சிகளை நாடுவோர் அதனினும் மிகுந்தால் சிலர் பகற்காட்சிக்கு வருவர். சிலர் வேறு அரங்கிற்குச் செல்வர். சிலர் பார்க்காமலே விடுவர். முன்னர் ஒரு படம் பல வாரங்கள் ஓடியதால் திரும்பிச்சென்றவர் அடுத்த வாரம் வந்தார். இன்று ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் வெளியாகும் படம் சில வாரங்களில் இணையத் தளத்திற்குச் சென்றுவிடுவதால் அவ்வருகை இழப்பாகிவிடுகின்றது. பெருவாரத்திற்கு 300 பேர் வீதம் 10 வாரங்களில் 3,000 பேர் இழக்கப்படுவர் எனக் கொண்டால், நடுநிலை மதிப்பீடு 52,950இலிருந்து 49,950ஆகக் குறைகின்றது. அரங்கு நிறைந்தது என்ற அறிவிப்புப் பலகை வெற்றியின் அடையாளமாகத் தோன்றினும், கணக்கில் அது இழப்பின் அடையாளமும் ஆகும்.

இலாப நட்டமில்லாப் புள்ளி

வருகை மதிப்பீடு செலவோடு ஒப்பிடப்படும்போதே பொருளுடையதாகின்றது. சராசரிச் சீட்டு விலை ரூ.100, வரிகள் நீங்கலாக ரூ.90, அதில் பாதி விநியோகஸ்தர்க்கு எனக் கொண்டால் அரங்கிற்கு ரூ.45 கிடைக்கும். கேண்டீன், வண்டி நிறுத்தம் ஆகியவற்றிலிருந்து தலைக்கு ரூ.10 சேர்த்தால் ரூ.55. பெருநடிகர் படத்தின் முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பங்கு பாதிக்கு மேற்படும். மினிமம் கேரண்டி முறையில் படத்தை எடுத்தால் இழப்பின் சுமை முழுவதும் அரங்கையே சாரும். கூட்டம் மிகுந்த வாரத்தில் தலைக்குக் கிடைக்கும் வருவாய் குறைவு என்பது இதனால் புலப்படும்.

வாடகை, மின்கட்டணம், ஊதியம், படக்கருவிப் பராமரிப்பு உட்பட மாதச் செலவு ரூ.2.5 இலட்சம் எனில் ஆண்டிற்கு 54,545 பேர் வந்தால்தான் செலவு ஈடாகும். திருத்திய நடுநிலை மதிப்பீடு 49,950. பற்றாக்குறை 4,595 பேர். தொகையில் ஏறத்தாழ ரூ.2.53 இலட்சம். அதாவது ஆண்டிற்கு ஒரு மாதச் செலவு கையிலிருந்து போகும். அரங்கு திடீரென மூடப்படுவதில்லை. ஆண்டுதோறும் ஒரு மாதம் கடனாக மாறி, சில ஆண்டுகளில் மூடப்படுகின்றது.

கட்டடம் சொந்தமாயின் வாடகை நீங்கி மாதச் செலவு ரூ.2 இலட்சமாகும் எனக் கொள்வோம். அப்போது தேவைப்படும் வருகை 43,636 மட்டுமே. அதே அரங்கு, அதே பார்வையாளர்; ஆனால் முடிவு மாறிவிடுகின்றது. சிறுநகரங்களில் எஞ்சியுள்ள தனித்திரையரங்குகள் குடும்பச் சொத்தாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கும். எனினும், செலுத்தப்படாத அவ்வாடகை மறைந்துவிடுவதில்லை. அந்நிலத்தைத் திருமண மண்டபமாக்கினால் கிடைக்கக்கூடிய தொகையை உரிமையாளர் விட்டுக்கொடுக்கின்றார் என்பதே அதன் பொருள். அடுத்த தலைமுறை அவ்விட்டுக்கொடுத்தலுக்கு உடன்படாதபோது, வருகை குறையாமலே அரங்கு மூடப்படலாம்.

வெறுமையான வாரங்களே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதும் இங்கிருந்து பெறப்படுகின்றது. பெருவாரங்களின் வருகை இருக்கையாலும் விநியோகஸ்தர் பங்காலும் கட்டுண்டது. எஞ்சிய 42 வாரங்களில் காட்சிக்கு 4 பேர் கூடுதலாக வந்தால் ஆண்டிற்கு 4,704 பேர் சேர்வர், பற்றாக்குறை நீங்கிவிடும். 2024 ஏப்ரலில் மறுவெளியீடு கண்ட ‘கில்லி’ திரைப்படம் பெற்ற வரவேற்பு, புதுப்படம் இல்லாத வாரங்களிலும் மக்களை அழைக்க இயலும் என்பதைக் காட்டியது. எந்தப் படத்தைத் திரையிடுவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை தனித்திரையரங்கின் வலிமை. மறுபுறம், ஒரு காட்சியை நடத்த ஆகும் தனிச்செலவு ரூ.500 எனில் 10 பேர்க்குக் குறைவாக வரும் காட்சியை நிறுத்துவதே மேல். சில காட்சிகள் ஆளின்மையால் நீக்கப்படுவதன் பின்னுள்ள கணக்கு இதுவேயாகும்.

களச் சரிபார்ப்பு

மேற்கண்ட கற்பிதங்களைக் களத்தில் சரிபார்க்க ஆய்வாளர்க்குச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, நேரடி எண்ணுகை. வாரத்தின் 28 காட்சிகளை வார நாள், வார இறுதி எனவும், பகல், இரவு எனவும், படத்தின் முதல் வாரம், பிந்தைய வாரம் எனவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சில காட்சிகளைத் தேர்ந்து வெளியேறுவோரை எண்ணலாம். முதல் நாள் காட்சியை மட்டும் கண்டு எழுதப்படும் ஆய்வு, பத்து வாரங்களை ஐம்பத்திரண்டாக நீட்டிவிடும் பிழைக்கு உள்ளாகும்.

இரண்டாவது, நாள் வசூல் அறிக்கை. தொழிலில் டி.சி.ஆர். எனப்படும் இவ்வறிக்கை அரங்கிற்கும் விநியோகஸ்தர்க்கும் இடையிலான ஆவணம். பங்குப் பிரிப்பிற்காக எழுதப்படுவதால் அதனைக் கேண்டீன் விற்பனையோடும் வண்டி நிறுத்தச் சீட்டோடும் ஒப்பிட்டே பயன்படுத்துதல் நன்று.

மூன்றாவது, இணைய முன்பதிவு. இருக்கை வரைபடம் காட்டுவது இணையத்தில் விற்றதை மட்டுமே. கவுன்ட்டரில் சீட்டு வாங்கும் வழக்கம் மிகுந்த சிறுநகரில் அது வருகையைக் குறைத்துக் காட்டும்.

நான்காவது, குடும்ப வினாநிரல். “ஆண்டிற்கு எத்தனை படம் பார்ப்பீர்கள்” என வினவினால் விடை மிகைப்படும். “கடைசியாகத் திரையரங்கில் பார்த்த படம் எது, எந்த ஊரில், யாருடன், எதில் சென்றீர்கள்” என வினவினால் காலம், இடம், குழு, பயணம் ஆகிய நான்கும் ஒருங்கே கிடைக்கும். ஹஃப் மாதிரியின் தொலைவு அடுக்கை அவ்வூருக்கே உரியதாகக் கணிக்க இவ்விடைகள் உதவும். பெண்களும் முதியோரும் வருவது கழிப்பறை, இருக்கை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே குடும்பத் தலைவரிடம் மட்டும் வினவுதல் போதாது.

முடிவுரை

சிறு தனித்திரையரங்கின் வருகையை ஒற்றை எண்ணாகக் கூறுதல் இயலாது, கூறினும் பயனில்லை. மன்னார்குடியை முன்வைத்த கணக்கு 33,780 முதல் 72,120 வரை விரிந்த எல்லையைத் தந்தது. அவ்விரிவு மதிப்பீட்டின் குறையன்று. தொழிலின் உண்மையான இடர் அளவை அதுவே காட்டுகின்றது. கீழ்நிலை வருகையில் சொந்தக் கட்டடமும் அரங்கைக் காப்பதில்லை. நடுநிலையில் வாடகையே முடிவைத் தீர்மானிக்கின்றது. மேல்நிலையில் இரு வகை அரங்குகளும் நிலைக்கும். ஆகவே தொடங்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது எத்தனை இருக்கை போடலாம் என்பதன்று. நடவுக் காலத்துச் செவ்வாய்க்கிழமைப் பகற்காட்சிக்கு எத்தனை பேர் வருவர் என்பதே.

திரைப்பட ஆய்வாளர்க்கும் இது பொருந்தும். பெருவாரக் கூட்டத்தை மட்டும் கொண்டு எழுதப்படும் தமிழ்த் திரைப்பார்வை வரலாறு கொண்டாட்டத்தின் வரலாறாக நின்றுவிடும். எஞ்சிய வாரங்களில் வந்தமர்ந்த இருபத்திருவரையும், வராமல்போன கிராமத்தாரையும் கணக்கில் கொள்ளும்போதே அரங்குகள் ஏன் மூடப்பட்டன என்பதற்குச் சான்றுடன் விடைகூற இயலும்.